கஞ்சா எண்ணெய் ஏன் வெறும் வயிற்றில் சரியாக வேலை செய்வதில்லை?

கஞ்சா எண்ணெயில் உள்ள, கஞ்சாச் செடியின் வேதிப்பொருளான கன்னாபிடையால் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். திருப்பூரில் பனியன் துணியில் விழும் ஊசி எண்ணெய்க் கறையும் இதே ரகம்தான். எவ்வளவு தண்ணீரில் அலசினாலும் போகாது. சோப்பு சேர்த்தால்தான் இழையை விட்டுக் கழன்று வரும். குடலில் அந்தச் சோப்பு வேலையைப் பார்ப்பது பித்தநீர். கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனால்தான் பித்தப்பை அதைத் தாராளமாகத் திறந்துவிடும்.

2018இல் அமெரிக்கா அரிய வலிப்பு நோய்களுக்கு அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற கன்னாபிடையால் மருந்து, கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் சுமார் 4 மடங்கு அதிகமாக இரத்தத்தில் சேர்கிறது. ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் விருந்து என்றால் அளவு தாறுமாறாகும்.

கஞ்சா விதையிலிருந்து பிழியும் எண்ணெய் வேறு. அதில் கன்னாபிடையால் இல்லை என்றே சொல்லலாம். இந்தியாவில் 2021 முதல் அது உணவுப்பொருள். ஆனால் வேறு வலிப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கன்னாபிடையாலைத் தொட வேண்டாம்.