பிறந்த ஊரிற் புதியவர்

கடல் கடந்து சென்றவர் அயல்நாட்டிற் படும் சிரமங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர் மீண்டு வந்து சொந்த வீட்டு முற்றத்தில் நின்றபின் படும் சிரமங்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். வீட்டுக்கு வந்தவருக்கு என்ன குறை என்ற கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆயினும், யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு இந்தச் சிரமம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊரவரால் அழைக்கப்பட்ட ஒரு தலைமுறையினர் அதனை அனுபவித்து அறிந்தனர்.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்து 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புகையிரதப் பகுதியும் நில அளவைப் பகுதியும் ஏனைய அரசாங்கப் பகுதிகளும் விரிவடைய, ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞர்கள் அங்கே தேவைப்பட்டனர். மிசன் பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் அத்தகைய இளைஞர் பலர் இருந்தனர். அவர்களுக்கேற்ற உத்தியோகங்களோ சிலவே இருந்தன. ஆகவே அவர்கள் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய மணியோடர்களினால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன; சகோதரிகளுக்குச் சீதனம் சேர்ந்தது; கோவில்கள் திருப்பணி கண்டன.

கோலாலம்பூரின் அயற்பகுதிகளான பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் வாழ்ந்த இவர்கள், அங்கும் ஊரை மறந்தாரல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை மனத்திற்கொண்டு பிரிக்பீல்ட்சில் ஒரு கந்தசுவாமி கோவிலை நிறுவினர். இவ்வாறு நல்லூரின் நினைவைக் கடலுக்கு அப்பால் நிலைநாட்டியவர்கள் இளைப்பாறி மீண்டபோது, தாம் நினைவிற் காத்துவந்த நல்லூரையே தேடினர். எதிரே இருந்ததோ வேறொரு நல்லூர்.

யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த நல்லூர், கொக்குவில், கோண்டாவில் போன்ற இடங்கள் முற்றிலும் நகரமும் அல்ல. முற்றிலும் கிராமமும் அல்ல. புகையிரதப் பகுதியின் விடுதியில் வாழ்ந்தவருக்கு மலாயரும் சீனரும் பஞ்சாபியரும் அயலவர். மணிக்கூடு அவருடைய நாளை ஆண்டது. இங்கே கிடுகு வேலியும் படலையும் எல்லை வகுத்தன. ஆயினும் ஒழுங்கையில் இறங்கியவர் எங்கே போகின்றார் என்பதை வேலிக்கு அப்பால் இருப்பவரும் அறிய விரும்பினர். அங்கே அவர் வகித்த பதவியால் மதிக்கப்பட்டவர். இங்கே மீண்டும் இன்னாருடைய மகன், இன்னாருடைய மைத்துனர். கடன் கேட்டு வந்தவருக்கு அவர் பெருஞ் செல்வர். வேலியடைப்பு வழக்கிலோ ஊர் நடப்பறியாதவர்.

மனைவியின் நிலை இதனினும் கடினமானது. இளம் பெண்ணாய்க் கப்பலேறியவள் மாமியாரின் கண்காணிப்பின்றித் தன் குடும்பத்தைத் தானே நடத்தப் பழகியவள். திரும்பி வந்தபின், அடுக்களை முதல் கலியாணப் பேச்சு வரை சுற்றத்தார் சொல்லைக் கேட்டு நடக்கவேண்டியவளானாள். மலாயாவிற் பிறந்த பிள்ளைகளுக்கோ ‘திரும்புதல்’ என்ற சொல்லே பொருந்தாது. அவர்கள் தம் ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களுடைய பேச்சிற் கலந்த மலாய்ச் சொற்களைக் கேட்டுப் பிற பிள்ளைகள் சிரித்தபோது, அந்தச் சிரிப்பின் வலியைப் பெற்றோர் எளிதில் உணர்ந்தாரில்லை.

இச்சிரமத்தின் காரணத்தை ஒஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அறிஞரான அல்பிரெட் சூட்ஸ் 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விளக்கினார். உறங்கிய நிலையில் இதாக்காவின் கரையில் இறக்கப்பட்ட கிரேக்க வீரன் ஒடிசியஸ், கண் விழித்தபோது தன் நாட்டையே அறியவில்லை என்ற கதையோடு அக்கட்டுரை தொடங்குகின்றது. அந்நிய நாட்டுக்குச் செல்பவர் அங்குள்ளவை புதியவை என்பதை எதிர்பார்த்தே செல்கின்றார். ஆதலால் கற்க ஆயத்தமாயிருக்கின்றார். வீடு திரும்புபவரோ யாவும் அறிந்தவை என்று நம்பி வருகின்றார். ஆதலால் கற்க ஆயத்தமாயில்லை. பிரிந்த நாளில் இருந்தபடியே ஊர் இருக்கும் என்று அவர் எண்ணுகின்றார். ஊரும் அவரைப் பற்றி அவ்வாறே எண்ணுகின்றது.

கடிதங்கள் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. பிறப்பு, இறப்பு, கலியாணம், காணி வழக்கு ஆகியவை கடிதத்தில் வரும். மாலையிற் படலையடியில் நின்று பேசிய சிறு பேச்சுக்கள் வருவதில்லை; ஊர் வாழ்க்கையோ பெரும்பாலும் அவற்றினாலேயே ஆனது. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் வசமிருந்த காலத்திற் கடிதங்களும் தடைப்பட்டதனால், அந்த இடைவெளி மேலும் அகன்றது.

அமெரிக்காவைச் சேர்ந்த கல்லகோர்ன் தம்பதியர் 1963ஆம் ஆண்டில் மற்றோர் உண்மையை எடுத்துக்காட்டினர். அயல்நாட்டில் முதலில் மகிழ்ச்சியும், பின் சோர்வும், அதன்பின் தெளிவும் உண்டாவதுபோலவே, மீண்டு வந்தபின்னும் அதே இறக்கமும் ஏற்றமும் நிகழக்கூடும் என்பது அவர்கள் கருத்து. வந்தவுடன் உபசாரம், சில மாதங்களிற் சலிப்பு, பின்னரே அமைதி. ஆகவே இடையில் வரும் சலிப்பு நன்றிகெட்ட குணத்தின் அடையாளமுமன்று, ஊரின் குற்றமுமன்று.

இதனை எவ்வாறு கடப்பது? ‘மலாயாவிலே இப்படியா?’ என்று நாள்தோறும் ஒப்பிட்டுக் கொண்டிருந்தவர் தனித்துப் போனார். அங்கே கற்ற கணக்கொழுங்கையும் நேர ஒழுங்கையும் ஊர்ப் பாடசாலைக்கும் கோவிலுக்கும் ஐக்கிய சங்கத்திற்கும் பயன்படுத்தியவருக்கு ஊரில் இடம் உண்டாயிற்று. ஊரைப் புதிதாகக் கற்கும் பொறுமையே அவருக்கு உதவியது. வீட்டாரும் ‘இன்னும் பழகவில்லையா?’ என்று கேளாமல், அவர் அங்கே வாழ்ந்த வாழ்வைச் சொல்லவிட்டுச் செவிசாய்த்தால், அப்பழக்கம் விரைவில் வரும்.

1983ஆம் ஆண்டின் பின் புலம்பெயர்ந்தோர் முன்னையவரினும் மிகப் பலர். அவர்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். போரினால் 1990ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2014ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அந்நிலையத்தில் இறங்கும் முதியவர் ஒருவர் தம் ஒழுங்கையைத் தேடி நிற்பாராயின், அவர் வழிமாறி வந்தவரல்லர். போர் மாற்றிவிட்ட ஊரைக் கற்கத் தொடங்கும் முதல் நாள் அது. அவரை அன்று எதிர்கொள்பவர் ‘ஊரையே மறந்துவிட்டீரோ?’ என்று கேளாமல், கூடவே நடந்து வழி காட்டுவதே முறையாகும்.