மலம் வெளுத்தால் காத்திருக்காதீர்கள்

பச்சிளம் குழந்தைக்கு உடம்பு மஞ்சளித்தால், "இளவெயில்ல காட்டு, சரியாப் போயிரும்" என்பார்கள் தாராவியின் பாட்டிமார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அது தானாகவே வடிந்துவிடும். வடியாவிட்டால் குழந்தையின் துணியைப் பாருங்கள்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், அதற்கு வெளியே உள்ள மெல்லிய குழாய் வழியே சிறுகுடலுக்கு இறங்குகிறது. மலத்துக்கு நிறம் தருவது அதுதான். பெரியவர்களுக்கு இக்குழாயைக் கல் அடைப்பதுண்டு, புற்றுநோயும் வரலாம். சில குழந்தைகளுக்குக் குழாய் பைபோலப் புடைத்திருக்கும். எல்லாவற்றிலும் அவசரமானது 'பிலியரி அட்ரீசியா'. பிறந்த சில வாரங்களிலேயே குழாய் அழன்று, தழும்பேறி, அடைந்துபோகும். மலம் அரிசி மாவுபோல வெளுக்கும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படியும். ஆனாலும் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உள்ளே தேங்கிய பித்தமோ கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு 1950களில் வழி கண்டவர் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய். அடைந்த குழாயை நீக்கிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலிலேயே இணைத்தார். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதமானால் பலன் குறையும். அது பலிக்காவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் கதி. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை, 1998இல் டெல்லி அப்போலோவில், இதே நோய் கண்ட காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான் நடந்தது. தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வண்ண அட்டை தருகிறார்கள். நம் தாராவிக்கு அது மிகவும் தேவை. பகலிலும் விளக்கெரியும் அறையில் கண்ணின் மஞ்சளும் தெரியாது, மலத்தின் வெளுப்பும் தெரியாது. துணியைச் சந்துக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிரசவத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகும் பெண்கள் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். அதற்குள் அந்த 60 நாள் கடந்துவிடும். ஆகவே ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதை இன்றே போனில் சொல்லுங்கள்.

14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் வெளுத்தாலோ, கீழாநெல்லியை நம்பி நாள் கடத்த வேண்டாம். அடைந்த குழாயை அது திறக்காது. ஊரில் இருந்தால் அரசு மருத்துவமனைக்கும், இங்கே இருந்தால் சயான் மருத்துவமனைக்கும் அன்றே போங்கள். "ரத்தத்தில் டைரக்ட் பிலிருபின் எவ்வளவு?" என்று கேளுங்கள். அது கூடியிருந்தால், குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள்.