உழுபவருக்கா, பட்டாவுக்கா?

தெலங்கானாவில் ஏக்கர் கணக்கில் அரசு பணம் தருகிறது. குத்தகை விவசாயிக்கு மட்டும் அது எட்டாக்கனி

யோசனை என்னவோ எளிமையானதுதான். உர மானியம் கம்பெனிகள் வழியாகப் போகிறது. கடன் தள்ளுபடியோ வங்கியில் கடன் வாங்கியவருக்கு மட்டுமே உதவும். அதைவிட, விதைப்புக்கு முன்பே விவசாயியின் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் என்ன?

2018 மே 10 அன்று ஹுசூராபாத்தில் அப்போதைய முதல்வர் கே. சந்திரசேகர் ராவ் தொடங்கிவைத்த ‘ரைத்து பந்து’ திட்டம் இப்படிப் பிறந்ததுதான். ஒரு பருவத்துக்கு ஏக்கருக்கு ரூ. 4,000, வருடத்துக்கு இரண்டு முறை. திருப்பித் தர வேண்டியதில்லை. முதல் சுற்றில் சுமார் 58 லட்சம் பேருக்குக் காசோலைகள் தயாராயின. முதல் ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கீடு ரூ. 12,000 கோடி. அடுத்த ஆண்டே தொகை ரூ. 5,000 ஆக உயர்ந்தது.

சிக்கல் ஒரே வார்த்தையில் இருந்தது: பட்டா. பணம் நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான். அவர் உழுகிறாரா என்பது கேள்வியே இல்லை. நில உச்சவரம்பும் கிடையாது. 2 ஏக்கர்காரருக்குத் தொடக்க கணக்கில் வருடத்துக்கு ரூ. 16,000. ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு 20 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டவருக்கு ரூ. 1,60,000. அந்த 20 ஏக்கரில் பருத்தி போட்டு, பூச்சிமருந்துக்குக் கடன் வாங்கியவருக்கு? பைசா இல்லை. வசதியுள்ளவர்கள் தொகையை விட்டுக்கொடுக்கலாம் என்று அரசு வேண்டுகோள் விடுத்ததோடு சரி.

குத்தகைதாரர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், அவர்களை அடையாளம் காண்பது கடினம் என்பது அன்றைய அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கே குத்தகை பெரும்பாலும் வாய்மொழிதான். எழுதிக் கொடுத்தால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயப்படுகிறார்கள். ‘பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரர்’ உரிமையைத் தந்த 1950ஆம் ஆண்டு ஹைதராபாத் குத்தகைச் சட்டத்தின் நினைவு இன்னும் மறையவில்லை. இந்தப் பயத்தைப் போக்கத்தான் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2011இல் ஒரு சட்டம் வந்தது: நில உரிமைக்குப் பாதிப்பு இல்லாமல், சாகுபடி செய்பவருக்குக் கடன் பெற ஓர் அட்டை. வழி இருந்தது; ‘ரைத்து பந்து’ அதன் பக்கம் திரும்பவில்லை.

நஷ்டம் ஏக்கர் பணத்தோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்ட் 15 முதல் வந்த ‘ரைத்து பீமா’ திட்டம் விவசாயி இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் தந்தது. அதற்கும் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். கடன்சுமை தாங்காமல் குத்தகை விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டால், காப்பீட்டுக் கணக்கில் அவர் விவசாயியே அல்ல.

மத்திய அரசும் இதே பாதையில்தான் நடந்தது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். கிசான்’ வருடத்துக்குத் தரும் ரூ. 6,000மும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கே. ஒடிசா வேறு மாதிரி யோசித்தது. 2018 டிசம்பரில் அது அறிவித்த ‘காலியா’ திட்டத்தில் குத்தகைதாரர்களுக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கும் இடம் இருந்தது.

அரசியல்வாதிகளுக்கோ இந்தப் பணத்தின் அருமை நன்றாகவே தெரியும். 2018 டிசம்பர் தேர்தலில் ராவின் கட்சி 119 இடங்களில் 88ஐப் பிடித்தது. 2023 நவம்பரில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, அமைச்சர் ஒருவர் மேடையில் இதைப் பேசியதால் பட்டுவாடாவுக்குத் தந்த அனுமதியைத் தேர்தல் ஆணையம் திரும்பப் பெற்றது. குத்தகை விவசாயிக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏக்கருக்கு ரூ. 15,000 என்று வாக்குறுதி தந்த காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது.

2025 ஜனவரி 26 அன்று ‘ரைத்து பரோசா’வை முதல்வர் ரேவந்த் ரெட்டி தொடங்கியபோது தொகை ரூ. 12,000. சாகுபடிக்கு உதவாத நிலங்கள் கழிக்கப்பட்டன. நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்குத் தனித் திட்டம் வந்தது. குத்தகை விவசாயி மட்டும் இந்த முறையும் வெளியே நின்றார்.

ஊரில் எந்த வயலை யார் உழுகிறார் என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அரசுப் பதிவேட்டுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.