கடல் கடக்கும் தொழிலாளிக்குக் கட்டாயக் காப்பீடு

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தொழிலாளி புறப்படும் முன்பே எடுத்தாக வேண்டிய காப்பீடு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’. 2003 டிசம்பர் 25 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தின் பலன்கள் 2017 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டன. அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் ‘ஈசிஆர்’ வகைப் பாஸ்போர்ட்டுடன் குறிப்பிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குச் செல்வோருக்கு இது கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக இவ்வகைப் பாஸ்போர்ட்டே கிடைக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகியவை பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி வட்டாரங்களிலிருந்து திருச்சி வழியாக விமானம் ஏறுவோருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ போகிறவருக்குக் காப்பீடு ஊரிலிருந்தே தொடங்குகிறது. சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு அந்தத் தீவின் சட்டம்தான் பாதுகாப்பு.

டெல்டாவிலிருந்து கடல் கடந்த தொழிலாளிக்காகக் கட்டாயமாகப் பணம் ஒதுக்கும் வழக்கம் பழையது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய காலத்தில், 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. தோட்ட முதலாளிகளிடம் கட்டாயத் தீர்வை பிரித்து, ஆட்களின் கப்பல் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆள் வந்து சேர்வதே அதன் நோக்கம். இன்றைய காப்பீடு, போனவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

இந்தியத் திட்டத்தின் பிரீமியம், வரி நீங்கலாக, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். அதாவது மூன்றாண்டு பாலிசிக்கு மாதம் சுமார் பத்து ரூபாய். விபத்தில் இறந்தாலோ, வேலையை இழக்கும் அளவுக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். காயத்துக்கும் நோய்க்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு உண்டு. ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் அதில் உச்சவரம்பு 50,000 ரூபாய். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரையும், பெண் தொழிலாளிக்கு மகப்பேற்றுச் செலவுக்கு 50,000 ரூபாய் வரையும் பெறலாம்.

பாலிசி எடுக்காமல் குடியேற்ற அனுமதி கிடைக்காது. அந்த அனுமதி ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தின் வழியே வழங்கப்படுகிறது. சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேருகிறவர் இந்த வாசலையே தொடுவதில்லை. அனுமதியோடு சேர்ந்து காப்பீடும் அவருக்கு இல்லாமல் போகிறது.

சிங்கப்பூரில் கட்டாயம் முதலாளியின் தலையில் விழுகிறது. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளிகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பீடு அவர் எடுக்க வேண்டும். 2023 ஜூலைக்கு முன் இது 15,000 டாலராக இருந்தது. பிரீமியத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சையும் இதில் அடங்கும். காய்ச்சல், தலைவலிக்கு மருத்துவரைப் பார்க்க, விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டுமானத் தொழிலாளிகளுக்கும் தனி அடிப்படைச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது.

வேலையிட விபத்துக்கு அங்கே தனிச் சட்டம் உண்டு. யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது அடிபட்டது என்று காட்டினால் போதும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில் இறப்புக்கு 91,000 முதல் 2,69,000 டாலர் வரை இழப்பீடு கணக்கிடப்படுகிறது. சம்பளமும் வயதும் தொகையைத் தீர்மானிக்கும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. சாரம் சரிந்து கீழே விழுந்து இறந்தால் பெருந்தொகை கிடைக்கும். விடுதியில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்தால், இந்தியத் திட்டத்தின் 10 லட்சம் கிடைக்காது. சிங்கப்பூரிலும் இறப்புக்கு வேலை காரணம் என்று தெரிந்தால்தான் இழப்பீடு. ஆதரவற்ற நிலையில் உடலை ஊருக்கு அனுப்ப, தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது.

காப்பீட்டுத் தொகை கோருவது பெரும்பாலும் ஊரிலிருக்கும் மனைவியோ பெற்றோரோதான். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பாலிசி எண்ணும் வெளிநாட்டு முதலாளியின் முகவரியும் தெரியாவிட்டால் விண்ணப்பம் நகராது. பாலிசி, பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைப் புறப்படும் முன்பே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பாலிசியில் நாமினி பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது அவசியம். ஒப்பந்தம் நீண்டால் பாலிசியையும் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும்.