கறுப்பு அங்கிக்கு முன் – 7: மே மாதத்துக் கேஸ் கட்டு

வெள்ளானூரிலிருந்து ஆவடிக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில், பிறகு பாரிமுனை. அந்த வட்டாரத்துச் சட்ட மாணவர்கள் உயர் நீதிமன்றம் வந்து சேரும் வழி இது. மே மாதம் வந்தால் வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வுகள் அவசர மனுக்களை மட்டும் கேட்கும். இந்த நேரத்தில் அரசு குற்றவியல் வழக்கறிஞர் தரப்பில் இன்டர்ன்ஷிப் போய் என்ன கற்கப்போகிறோம் என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். குற்ற மேல்முறையீட்டைக் கற்க இதைவிட நல்ல காலம் இல்லை என்பேன்.

மேல்முறையீட்டில் பெரும்பாலும் யாரும் சாட்சிக் கூண்டு ஏறுவதில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவான காகிதம்தான் எல்லாம். அந்தக் கட்டை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படிக்க ஆள் வேண்டும். வழக்குகள் ஓடும் மாதங்களில் ஜூனியர்களுக்கு அதற்கு நேரமே கிடைக்காது.

முதலில் எஃப்.ஐ.ஆரை எடுங்கள். சம்பவம் எத்தனை மணிக்கு, புகார் பதிவானது எத்தனை மணிக்கு, மாஜிஸ்திரேட் கையில் அது சேர்ந்தது எத்தனை மணிக்கு? மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, ஒவ்வொரு சாட்சியும் கோர்ட்டில் சொன்னதைப் போலீஸ் வாக்குமூலத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஏதேனும் சேர்ந்திருந்தால், குறுக்கு விசாரணையில் புலனாய்வு அதிகாரி அதைப் பற்றி என்ன ஒப்புக்கொண்டார் என்று தேடுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

துலியா காளி வழக்கு நம் மாநிலத்து வழக்கு. 1970இல் நடந்த கொலை. போலீஸ் நிலையம் இரண்டு மைல் தொலைவில்தான், எஃப்.ஐ.ஆர் பதிவானதோ 20 மணி நேரத்துக்கு மேல் கழித்து. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கடிகாரக் கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆவடிக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லியில் இன்னொன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று அங்கிருந்த தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது, மற்ற 19 பேரையும் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சாட்சியம் மாறவில்லை, படித்தவர்கள் மாறினார்கள்.

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். சான்றிதழ் எளிதாகக் கிடைத்துவிடும். கட்டு படிக்கக் கிடைப்பது அரிது, அதனால் கேட்டு வாங்க வேண்டும். படித்ததை ரயிலில் பேசக் கூடாது. போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர் உங்கள் குறிப்பேட்டில்கூட வேண்டாம்.

தண்டனையைக் காப்பது மட்டும்தான் அரசுத் தரப்பின் வேலை என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். கீழ்க்கோர்ட் ஒருவரை விடுதலை செய்தால், மேல்முறையீடு போகலாமா என்று அரசு யோசிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 419ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். நிரபராதி என்ற அனுமானம் விடுதலைக்குப் பிறகு இன்னும் வலுப்படுகிறது என்று 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே, 'இதில் மேல்முறையீட்டுக்கு முகாந்திரம் இல்லை' என்று காரணத்தோடு எழுதும் துணிவும் அரசு வழக்கறிஞருக்கு வேண்டிய திறமைதான். கல்லூரி மூட் கோர்ட்டில் அது வராது. அங்கே யாராவது ஜெயித்தாக வேண்டும்.

விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்யக் கெடு 90 நாள். ஏப்ரலில் விடுதலையான வழக்கின் தீர்ப்பு மே மாதத்தில் இன்னும் முடிவுக்காகக் காத்திருக்கலாம். சீனியரிடம் அப்படி ஒன்றைக் கேளுங்கள். போகலாம், வேண்டாம் என்ற இரண்டு பக்கத்துக்கும் குறிப்பு எழுதி, இரண்டையும் அவரிடம் கொடுங்கள்.