கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா: தூரமும் நேரமும்

மட்டக்களப்பு வாவியோரத்து எங்கள் ஊர்களில் ஜித்தாவோடு தொடர்பில்லாத வீடு குறைவு. ஹஜ், உம்ராவுக்குப் போனவர்கள் ஒருபுறம். அங்கே வேலை செய்யும் வாப்பாமார், நானாமார் மறுபுறம். ஆனாலும் விமானச் சீட்டிலுள்ள நேரத்தைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். உதாரணத்துக்கு, பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் விமானம் மாலை 6 மணிக்கு ஜித்தாவில் இறங்கும் என்றிருந்தால், பயணம் நான்கு மணித்தியாலம்தான் என்று நினைப்பார்கள். சீட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், உண்மையான பயணம் ஆறரை மணித்தியாலம்.

உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்தால், நூல் செல்லும் வழிதான் மிகக் குறுகிய வழி. இதனைப் பெருவட்டப் பாதை என்பர். அந்தக் கணக்கில் கட்டுநாயக்கவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே சுமார் 4,650 கிலோமீற்றர். பாதை அரபிக்கடலைக் கடந்து, ஓமானின் தென்கரையோரமாகச் சவூதிக்குள் நுழைகிறது. மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்தரை மணித்தியாலம் போதும். மேலெழவும், இறங்கவும், ஓடுபாதைக்குக் காத்திருக்கவும் மீதி நேரம் செலவாகும். மட்டக்களப்பிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கட்டுநாயக்கவுக்கு வேனில் போகவும் ஏறக்குறைய இதே நேரம் எடுக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!

காற்றும் நேரத்தை மாற்றும். மேல்காற்று எதிர்த்து வீசினால் போகும் பயணம் நீளும், திரும்பும் பயணம் சுருங்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசுவதால், அப்போது இந்தக் கணக்கு மாறவும் கூடும்.

ரமழானில்தான் இந்த விடயம் முக்கியமாகிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் வேண்டும். இரு ஊர்களுக்கும் நெடுங்கோட்டில் ஏறத்தாழ 41 பாகை வித்தியாசம். மேற்கே பறப்பவர் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறார். மார்ச் மாதத்தில் இங்கே மஃரிப் 6.20 அளவில் என்றால், மேலே சொன்ன விமானத்தில் போனவர் ஜித்தாவில் நோன்பு திறக்கும்போது நமது மணிக்கூட்டில் இரவு 9 மணி தாண்டியிருக்கும். அவர் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதே கணக்கு, இலங்கை நேரமல்ல. நீரிழிவு உள்ள மூத்தம்மாமாருடன் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையும் இருக்கிறது.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மீகாத் எல்லை, ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே வந்துவிடும். நிமிடத்துக்கு 14 கிலோமீற்றர் பறக்கும் விமானத்தில், அறிவிப்பு வரும்போது தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்து வுழூச் செய்து உடை மாற்றுவதற்குள் எல்லை கடந்துவிடும். அதனால்தான் பலர் கட்டுநாயக்கவிலேயே இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, நிய்யத்தை மட்டும் மீகாத் நெருங்கும்போது வைக்கிறார்கள்.