கம்ப்யூட்டரை நிறுத்தாமலேயே டிஸ்க் பிழைகளைச் சரி செய்யலாம்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. செங்கல்பட்டுப் பக்கம் புயல் என்றாலே கரன்ட் போவதும் சேர்ந்ததுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் எழுதப்படும்போது கரன்ட் போனால் என்ன ஆகும்?

ஃபைல்களை நூலகப் புத்தகங்கள் என வைத்துக் கொள்ளுங்கள். எந்த ஃபைல் எங்கே உள்ளது, அதன் அளவு என்ன என்று சொல்லும் பட்டியலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் மெட்டாடேட்டா. இது பாதியில் நின்றுபோனால் விண்டோஸ் பெரும்பாலும் தானே சரி செய்துவிடும். சில சமயம் பிழை தங்கிவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் சி டிரைவைச் சரி செய்ய, ரீஸ்டார்ட் செய்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நூலகத்தையே மூடுவது போல! 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், நீங்கள் வேலை செய்யும்போதே சோதனை நடக்கும். சில பிழைகள் உடனே திருத்தப்படும். மற்றவை குறித்து வைக்கப்பட்டு, ரீஸ்டார்ட்டின்போது அந்த இடங்கள் மட்டும் திருத்தப்படும்.

சி டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். அதில் டூல்ஸ் டேபில் செக் பட்டனை அழுத்தி, ஸ்கேன் டிரைவ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இது பட்டியலைத்தான் திருத்தும். அழிந்துபோன போட்டோவைத் திருப்பித் தராது. ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' எனச் சத்தம் கேட்டால் ஸ்கேன் செய்ய வேண்டாம். முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள்.